அந்த ஸ்லைடர்களைத் திருப்பிக் கொடுங்கள்: நியூட்ரான் மையத்தின் பயிற்சிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மையத்தின் பயிற்சிப் பிரிவுக்கும், மக்கள் தொடர்புப் பிரிவுக்கும், இந்த முடிவில் கையெழுத்திட்ட அனைவருக்கும்,

பயிற்சித் தொகுப்பைப் புதுப்பித்தபோது, நியூட்ரான் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று, ஸ்லைடரை இழுத்து மாற்றிப் பார்க்கும்படி காட்டிய ஊடாடும் அனிமேஷன்கள் அத்தனையையும் எடுத்துவிட்டீர்கள். அந்த இடத்தில் கருவிக்கு ஒன்றாகப் பின்னணி இசையோடு ஒரு சின்ன வீடியோ வைத்திருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டு எழுதியபோது வந்த பதில் மூன்றே வரி: பழைய தொழில்நுட்பம், பார்ப்பவர்கள் குறைவு, பராமரிக்க ஆள் இல்லை. இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சோதனைக்கு வரும் புது மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. நீங்கள் எடுத்துவிட்டது எதை என்பது எனக்குத் தினமும் தெரிகிறது.

மாதிரிப் பொருளின் மேல் நியூட்ரான் கற்றையை விட்டு, அது சிதறுவதை வைத்து உள்ளமைப்பை அளக்கும் நியூட்ரான் கருவியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனால் இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் இதை யாராவது சொன்னார்களா என்று எனக்குச் சந்தேகம். கான்கிரீட் சுவர், ஈயம், போரான் கலந்த பாலித்தீன், அதற்குள்ளே வெற்றிடக் குழாய், அதற்கும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கற்றை. ஷட்டர் திறந்திருக்கும்போது உள்ளே யாரும் போக முடியாது, மூடியிருக்கும்போது உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. மாணவர் முதன்முதலில் ஹாலுக்குள் வந்தால் பெயின்ட் அடித்த பெரிய பெட்டிகளையும் கேபிள்களையும் பார்க்கிறார், அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள் நடப்பது முழுக்க நேரம், தூரம், கோணம் இந்த மூன்றுக்கும் இடையிலான கணக்கு. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் எப்படி நகர்கின்றன என்று தானே மாற்றிப் பார்க்காதவருக்கு அது மனதில் ஏறுவதே இல்லை.

ஒரு உதாரணத்தை முழுசாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வழக்கின் பாதி இதில்தான் இருக்கிறது. 1 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள நியூட்ரான் செகண்டுக்குச் சுமார் 3956 மீட்டர் வேகத்தில் போகும். 10 ஆங்ஸ்ட்ராம் உள்ளது அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில், சுமார் 396 மீட்டர். நியூட்ரான்களைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் மூலத்திலிருந்து இரண்டும் ஒன்றாகக் கிளம்புகின்றன, கருவியின் நீளம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகமானது 5 மில்லிசெகண்டில் டிடெக்டரை அடைந்துவிடும், மெதுவானதற்கு 50 மில்லிசெகண்ட் வேண்டும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் மூலம் 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுத் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அப்போது 45-ஆவது மில்லிசெகண்டில் டிடெக்டரில் ஒரு நியூட்ரான் விழுந்தால் அது யார்? முதல் துடிப்பில் கிளம்பிய 9 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரானாக இருக்கலாம், இரண்டாவது துடிப்பின் 5 ஆங்ஸ்ட்ராமாக இருக்கலாம், மூன்றாவது துடிப்பின் 1 ஆங்ஸ்ட்ராமாகவும் இருக்கலாம். டிடெக்டருக்குத் தெரிவது வந்த நேரம் மட்டும்தான். இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தான் நடுவில் சாப்பர்கள், அதாவது இடைவெளி வெட்டிய வட்டத் தகடுகள், சுழல்கின்றன, இந்த நீளத்துக்கும் இந்த அதிர்வெண்ணுக்கும் சுமார் 4 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள ஒரு அலைநீளப் பட்டையை மட்டும் விட்டு மற்றதை வெட்டுகின்றன.

இதை நான் கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். ஆனால் உங்கள் பழைய அனிமேஷனில் கீழே கருவியின் பக்கவாட்டுப் படம், மேலே நேரம்-தூரம் வரைபடம், இரண்டும் ஒன்றாக ஓடும். வேகமான நியூட்ரான்கள் நீலப் புள்ளிகள், மெதுவானவை சிவப்பு. சாப்பரை நிறுத்திவிட்டு ஓட்டினால், அடுத்த துடிப்பின் நீலப் புள்ளிகள் முந்தைய துடிப்பின் சிவப்புப் புள்ளிகளைத் தாண்டிக்கொண்டு போவது கண்முன்னே தெரியும், மேலே கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். அப்புறம் சாப்பரைச் சுழலவிட்டு அது திறக்கும் நேரத்தை மாற்றும் ஃபேஸ் ஸ்லைடரை மெல்ல இழுத்தால் வெட்டும் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். அந்த இடத்தில் மாணவர்கள் கை தானாக ஸ்லைடரை முன்னும் பின்னும் ஆட்டும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாணவி இப்படி ஆட்டிக்கொண்டிருந்தவர், அளவீட்டு வரைகோட்டில் தனக்கு வேண்டிய உச்சிகள் வழக்கமான பட்டைக்கு வெளியே நீண்ட அலைநீளத்தில் வருகின்றன என்று தானாகவே கண்டுபிடித்தார். ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்பை மட்டும் எடுத்தால் பட்டை இரண்டு மடங்காகும், எண்ணிக்கை பாதியாகக் குறையும், அது எனக்குப் பரவாயில்லை என்று பீம்டைமுக்கு (தனக்கு ஒதுக்கிய கற்றை நேரத்துக்கு) முன்பே கருவிப் பொறுப்பாளருக்கு எழுதிவிட்டார். அவர் அதுவரை ஒரு நியூட்ரான் கருவியை நேரில் பார்த்தது கூட இல்லை.

இப்போது உங்கள் வீடியோவைப் பார்க்கிறேன். எல்லா நியூட்ரான்களும் ஒரே நிறம், எல்லாம் ஒரே வேகம். சாப்பர் அழகாகச் சுழல்கிறது, சில பந்துகள் உள்ளே போகின்றன, சில முட்டித் தெறிக்கின்றன. ஏன் சுழல்கிறது என்று அதில் இல்லை, எதைத் தேர்ந்தெடுக்கிறது என்றும் இல்லை. நியூட்ரான் பறந்துவரும் நேரத்தை வைத்து அதன் வேகத்தை அளக்கும் நேரப்பறத்தல் கருவியை விளக்கும் படத்தில் எல்லா நியூட்ரானும் ஒரே வேகத்தில் பறந்தால் அது எளிமைப்படுத்தல் ஆகாது. அது தப்பு. அந்த வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு வந்த ஒரு குழுவுக்கு அலைநீளப் பட்டை என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கற்றை திறந்தே இருந்தது, கருவி தயாராக இருந்தது, அவர்களுடைய முதல் நாளின் பகல் முழுக்க என்னோடு வெள்ளைப் பலகை முன்னால் போனது. அது அவர்கள் குற்றம் இல்லை. நீங்கள் கொடுத்ததைத்தான் அவர்கள் படித்துவிட்டு வந்தார்கள்.

மாதிரியில் நியூட்ரானின் ஆற்றலும் உந்தமும் எவ்வளவு மாறுகின்றன என்று அளக்கும் ட்ரிப்பிள் ஆக்சிஸ் கருவிக்கு நிலைமை இன்னும் மோசம். பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் கனடாவின் சாக் ரிவரில் உருவாக்கிய முறை இது, 1994-இல் கிளிஃபர்ட் ஷல்லோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை காலம் ஆகியும், ஒரு புதியவருக்குச் சொல்லிப் புரியவைக்க இவ்வளவு கஷ்டமான கருவி வேறு இல்லை என்பது என் கருத்து. உள்வரும் ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் மோனோகுரோமேட்டர் படிகம், மாதிரி, வெளிவரும் ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் அனலைசர் படிகம் என்று மூன்று இடத்தில் கற்றை திரும்புகிறது, ஒரு கோணத்தைத் தொட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் கை முழுவதும் தரையில் நகர்கிறது. உங்கள் அனிமேஷனில் ஒரு பக்கம் கருவியை மேலிருந்து பார்த்த படம், இன்னொரு பக்கம் அலைத் திசையன்களின் முக்கோணம்: உள்வரும் நியூட்ரானின் உந்தம், வெளிவருவதன் உந்தம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வெளிவரும் ஆற்றலை 14.7 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டில் நிறுத்தி, ஆற்றல் மாற்றத்தை 10 என்று வைத்து, உந்த மாற்றத்தை ஆங்ஸ்ட்ராமுக்கு 0.5 என்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டே போனால், சுமார் 0.8-க்குக் கீழே முக்கோணம் மூடாது. பக்கங்கள் ஒன்றையொன்று தொடாமல் சிவப்பாக நிற்கும், கருவியும் நகராது. அந்தப் புள்ளியை எந்தக் கருவியாலும் இந்த ஆற்றலில் அளக்க முடியாது, எத்தனை நாள் கற்றை கொடுத்தாலும் முடியாது என்பது ஒரே இழுப்பில் விளங்கிவிடும். வீடியோவில் யாரோ ஏற்கெனவே தேர்ந்தெடுத்த, மூடுகிற ஒரு முக்கோணம் மட்டும் வந்து போகிறது. மூடாத முக்கோணத்தைப் பார்க்காதவர், அளக்கவே முடியாத புள்ளிகளை விண்ணப்பத்தில் எழுதி அனுப்புகிறார், அதுவும் நடந்திருக்கிறது.

அதே அனிமேஷனில் இரண்டாம் வரிசையைக் காட்டும் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கிராஃபைட் படிகம் சுமார் 41 டிகிரி திருப்பத்தில் 2.36 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரானைத் தேர்ந்தெடுக்கும், அதே கோணத்தில் 1.18 ஆங்ஸ்ட்ராமும் சேர்ந்தே வரும், அதன் ஆற்றல் நாலு மடங்கு. பொத்தானை அமுக்கினால் அந்த வேண்டாத விருந்தாளிகள் வேறு நிறத்தில் ஓடிவந்து, இல்லாத இடத்தில் ஒரு உச்சியை எழுப்புவார்கள். கிராஃபைட் ஃபில்டரை இழுத்துக் கற்றையில் வைத்தால் அந்தப் போலி உச்சி படுத்துவிடும். ஃபில்டர் எதற்கு என்று அப்புறம் யாரும் என்னைக் கேட்டதில்லை.

நியூட்ரான்கள் மிகச் சிறிய கோணத்தில் சிதறுவதை அளக்கும் சிறுகோணச் சிதறலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீரில் கனநீரின் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் உள்ள நீரின்) விகிதத்தை மாற்றும் ஸ்லைடர் ஒன்று இருந்தது. சுமார் 40 சதவீதத்தில் புரதம் கரைசலோடு ஒன்றிப்போய்ச் சிதறல் வரைகோட்டிலிருந்து காணாமல் போகும், அதோடு ஒட்டியிருக்கும் டிஎன்ஏ மட்டும் நிற்கும், சுமார் 65 சதவீதத்துக்குப் போனால் நிலைமை தலைகீழாகும். ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் நியூட்ரானுக்கு இவ்வளவு வேறாகத் தெரிகின்றன என்பதுதான் உயிரியல்காரர்கள் நம்மிடம் வருவதற்கே பெரிய காரணம். ஈர்ப்பு விசைக்கும் ஒரு பெட்டி இருந்தது, டிக் செய்தால் 20 மீட்டர் பாதையில் 10 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான் சுமார் 12 மில்லிமீட்டர் கீழே விழுவது தெரியும், 5 ஆங்ஸ்ட்ராம் என்றால் 3 மில்லிமீட்டர்தான். கற்றையின் மையம் அலைநீளத்தோடு ஏன் இடம் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இனி நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

பழைய தொழில்நுட்பம் என்பது உண்மை, அவை ஓடியது ஃபிளாஷிலும் ஜாவாவிலும். ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் அந்தப் பிளேயர் ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டவே மறுத்தது. ஜாவா ஆப்லெட்டுகளைப் பிரவுசர்கள் அதற்கு முன்பே கைவிட்டுவிட்டன. பாதுகாப்புக் காரணத்துக்காக அவற்றை நிறுத்தியது சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இப்படி ஒரு நாள் வரும் என்று 2017-லேயே அறிவித்துவிட்டார்கள். இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, ஊடாடும் அறிவியல் சிமுலேஷன்களுக்கான ஃபெட் திட்டம் இதே ஜாவாவிலும் ஃபிளாஷிலும்தான் ஆரம்பித்தது, அவர்கள் உட்கார்ந்து ஹெச்டிஎம்எல்5-க்கு மாற்றி எழுதினார்கள், இன்று அவை போனிலும் ஓடுகின்றன. வீடு பழசானால் கூரையை மாற்றுவார்கள், வீட்டை இடிப்பதில்லை. தவிர, இந்த அனிமேஷன்களுக்குள் இருக்கும் இயற்பியல் என்ன? அலைநீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு, படிகம் எந்தக் கோணத்தில் எந்த அலைநீளத்தைத் திருப்பும் என்று சொல்லும் பிராக் விதி, முக்கோணத்தின் கொசைன் விதி, கீழே விழும் பொருளின் சமன்பாடு. எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். கஷ்டமான பகுதி எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற யோசனை, அதை முன்பு செய்தவர்கள் உங்களுக்காகச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பார்ப்பவர்கள் குறைவு என்கிறீர்கள். குறைவாகத்தான் இருப்பார்கள், ஒரு கருவியில் ஒரு வருடத்தில் சோதனை செய்யப்போகிறவர்களே குறைவுதானே. வீடியோவை ஆயிரம் பேர் அரை நிமிடம் பார்த்துவிட்டு நகர்வதையும், ஒரு ஆராய்ச்சி மாணவர் ஒரு ராத்திரி முழுக்க ஸ்லைடரோடு உட்கார்ந்திருப்பதையும் ஒரே எண்ணிக்கையில் எப்படி அளக்க முடியும்? மக்கள் தொடர்புக்கு வீடியோ வேண்டும் என்றால் வையுங்கள், நன்றாக எடுத்தால் நானே பலருக்கு அனுப்புவேன். பயிற்சிக்கு அது மாற்று இல்லை என்பதுதான் நான் சொல்வது.

பராமரிக்க ஆள் இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. நியூட்ரான்களைத் தந்துகொண்டிருந்த பெர்லினின் பிஇஆர் 2 அணு உலையும் பிரான்ஸில் சக்லேயின் ஆர்ஃபே அணு உலையும் 2019-இல் மூடப்பட்டன. மாணவர்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு உலைக்குப் போய், பழைய கருவி ஒன்றில் தப்பும் தவறுமாகச் செய்து கற்றுக்கொண்ட இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கும் மூலங்களில் கற்றை நேரத்துக்குப் போட்டி, கிடைப்பது சில நாட்கள். அந்தச் சில நாட்களில் முதல் நாளை அடிப்படை விளக்கத்தில் கரைக்கும் ஒவ்வொரு குழுவும் உங்கள் மையத்தின் நேரத்தைத்தான் கரைக்கிறது. ஒரு கருவியின் ஒரு நாளைக்கு உங்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதோடு ஒரு புரோகிராமரின் சில மாதச் சம்பளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெக்ஸ்டாஸ் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மெக்ஸ்டாஸ் அருமையான மென்பொருள், 1998-இலிருந்து இருக்கிறது, இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கிறது, புதுக் கருவிகளை வடிவமைப்பதே அதைப் போன்ற மென்பொருளில்தான். ஆனால் அது நியூட்ரான்களின் பாதையை ஒவ்வொன்றாக உருட்டிக் கணக்கிடும் மான்ட்டி கார்லோ சிமுலேஷன், அதில் கேள்வி கேட்பதற்கே கருவியின் பாகங்கள் தெரிந்திருக்க வேண்டும். சாப்பர் என்றால் என்ன என்றே தெரியாதவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. அனிமேஷனில் ஒரு மணி நேரம் விளையாடியவர் அடுத்த வாரம் மெக்ஸ்டாஸுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். வீடியோவிலிருந்து நேரே அங்கே போனவரை இன்னும் பார்க்கவில்லை.

பழைய அனிமேஷன்கள் குறையே இல்லாதவை என்று நான் சொல்லவில்லை. சிலவற்றில் அலகுகளே போடவில்லை. சாப்பரின் வேகமும் நியூட்ரானின் வேகமும் ஒரே அளவில் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று எங்கும் எழுதவில்லை. நிறத்தை மட்டும் நம்பியிருந்ததால் சிவப்பு-பச்சை வித்தியாசம் தெரியாதவர்களுக்கு ஒரு அனிமேஷன் அடியோடு பயன்படவில்லை. ஸ்பின் எக்கோ கருவிக்கு இருந்தது, ஃபெரென்ஸ் மெசே 1972-இல் முன்வைத்த அந்த அழகான யோசனையில், நியூட்ரான்களின் ஸ்பின்கள் (ஒவ்வொன்றும் சின்னக் காந்த முள்போலக் காட்டும் திசை) விசிறிபோல விரிந்து மறுபடி ஒன்றுசேரும் இடத்தை ரொம்ப வேகமாக ஓட்டிவிட்டது. இவற்றையெல்லாம் திருத்தலாம். திருத்துவதற்கு முதலில் அவை இருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். முதல் வேலையாக, பழைய அனிமேஷன்களின் மூலக் கோப்புகளையும், படங்களையும், அவற்றோடு இருந்த விளக்கக் குறிப்புகளையும் திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள். இன்றைய பிரவுசரில் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே கொடுங்கள், எடுத்துச் சரிசெய்ய ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்புகள் ஏதோ ஒரு பழைய வட்டில் கிடந்து அழிந்துபோவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும், இதற்குச் செலவும் இல்லை.

அடுத்து, மூன்றை மட்டுமாவது இந்த ஆண்டுக்குள் மறுபடி எழுதுங்கள்: நேரம்-தூரம் வரைபடத்தோடு கூடிய சாப்பர் அனிமேஷன், ட்ரிப்பிள் ஆக்சிஸ், சிறுகோணச் சிதறல். பிளகின் எதுவும் வேண்டாம், சாதாரணப் பிரவுசரில், போனில், இணைய இணைப்பு இல்லாமலும் ஓட வேண்டும். ஒவ்வொன்றிலும் எந்தச் சமன்பாடு ஓடுகிறது, எதை விட்டுவிட்டீர்கள் என்று திரையிலேயே எழுதுங்கள், எண்களை அந்தக் கருவியின் பொறுப்பாளர் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகு வெளியிடுங்கள். திரையில் வரும் சொற்களை நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வையுங்கள், தமிழிலோ வேறு எந்த மொழியிலோ பாடம் நடத்துகிறவர் தன் மொழியில் நிரப்பிக்கொள்ளட்டும்.

இப்போது இருக்கும் நேரப்பறத்தல் வீடியோவைத் திருத்துங்கள், திருத்தும் வரை பயிற்சித் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அனிமேஷன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரின் வேலை விவரத்தில் பெயர் போட்டு எழுதி, பயிற்சிச் செலவுத் திட்டத்தில் அதற்கென்று ஒரு வரி ஒதுக்குங்கள், யாராவது ஆர்வத்தில் ஓய்வு நேரத்தில் செய்வார்கள் என்று விட்டதால்தான் இன்று இந்த நிலை. இனிமேல் பயிற்சிப் பொருள் எதையும் எடுப்பதற்கு முன்னால் அதை வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எழுதிய அனிமேஷன்களை மாணவர்களோடு உட்கார்ந்து சோதித்துப் பார்த்துக் குறை சொல்ல நான் தயார், என்னைப் போல இன்னும் சிலரும் வருவார்கள். இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், எப்போதைக்குள் என்பதை அடுத்த பீம்டைம் விண்ணப்பச் சுற்று திறப்பதற்கு முன்னால் எழுத்தில் தெரிவியுங்கள்.